தேர்ந்த தொழிலாளர்களின் உருவப்பட நூல்: பக்கத் திட்டம், தாள், தோல்நிறம் குறித்து ஆலோசனை தேவை

நிழற்பெட்டி:

வணக்கம். பட்டறைகளில் வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளர்களின் உருவப்படங்களை நூலாக்கிக்கொண்டிருக்கிறேன். கொல்லர், தச்சர், கடைசல்காரர், வெல்டர், நெசவாளர், குயவர், கல் செதுக்குபவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என மொத்தம் 46 பேர். ஆளுக்கு ஒரு முதன்மைப் படம். ஏறத்தாழ எல்லோருக்கும் கையின் அல்லது கருவியின் அண்மைப் படம் ஒன்றும் இருக்கிறது. அனைத்தும் வண்ணப் படங்கள், 4000 × 6000 பிக்சல், ரா கோப்புகள் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகள்) கைவசம் உள்ளன. ஒவ்வொருவரைப் பற்றியும் 60 முதல் 120 சொற்களில் குறிப்பு, தமிழில் மட்டும்.

ஆஃப்செட் அச்சு, 240 × 300 மி.மீ. நெடுக்கு வடிவம், கெட்டி அட்டை என்பதுவரை முடிவாகிவிட்டது. முடிவாகாதவை இவை:

46 பேரை எத்தனை பக்கத்தில், எந்த வரிசையில் வைப்பது? தொழில்வாரியாகப் பிரித்தால் கொல்லர்கள் ஒன்பது பேர் அடுத்தடுத்து வருகிறார்கள்.

வலப்பக்கத்தில் வைத்தால் பாதிப் பேர் நூலைவிட்டு வெளியே பார்க்கிறார்கள். அந்தப் படங்களை இடவலமாகத் திருப்பிப் போடலாமா?

உலைப் பட்டறைப் படங்களில் கரி படிந்த கரிய முகமும் இருண்ட பின்னணியும் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. மாதிரி அச்சில் முகம் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிறது. குறை படத்திலா, கோப்பிலா, தாளிலா?

மேட் ஆர்ட் (பளபளப்பில்லாத பூச்சுத்) தாளா, மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளா?

மடிப்புத்தாள்:

வணக்கம் நிழற்பெட்டி. பக்கக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அது முடியாமல் எந்தப் படத்துக்கும் இடம் குறிக்காதீர்கள்.

உங்கள் அளவுக்கு 720 × 1020 மி.மீ. தாளில் ஒரு புறம் எட்டுப் பக்கம் அமரும், இரு புறமும் சேர்ந்து 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிபடும் பக்கத் தொகுதி). எட்டு ஃபாரம் என்றால் 128 பக்கம். இதில் பக்கம் 1 வலப்புறம் தனியாக நிற்கும், 128 இடப்புறம் தனியாக நிற்கும். இடையில் இருப்பவை 63 ஸ்பிரெட், அதாவது எதிரெதிரான பக்க இணைகள். ஆளுக்கு ஒரு ஸ்பிரெட் வீதம் 46 போனால் மீதி 17. பகுதிப் பிரிப்புக்கு 6, தலைப்புப் பக்கங்களுக்கு 3, முன்னுரைக் கட்டுரைக்கு 3, கருவிகள் பற்றிய குறிப்புகளுக்கு 4, நன்றியும் அச்சு விவரமும் 1. கணக்கு மிச்சமில்லாமல் முடிகிறது. உருவப்படங்களும் பகுதிப் பிரிப்புகளும் 14ஆம் பக்கத்தில் தொடங்கி 117இல் முடியும். ஒவ்வொரு ஸ்பிரெட்டும் இரட்டைப்படைப் பக்கத்தில்தான் தொடங்கும் என்பதால், முன்னால் ஒரே ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் நூல் முழுதும் இணைகள் கலைந்துவிடும். ஆகவே முன்பக்கங்களை முதலில் பூட்டிவிடுங்கள்.

வரிசை: தொழில்வாரியாக வேண்டாம், கையாளும் பொருளின்படி பிரியுங்கள். இரும்பு, மரம், நூல், மண், கல், நுண்பொறி என்று ஆறு பகுதி. இரும்புப் பகுதிக்குள் கொல்லர், கடைசல்காரர், வெல்டர் மூவரும் மாறி மாறி வரலாம். உலையின் செம்மஞ்சளுக்குப் பிறகு கடைசல் பட்டறையின் சாம்பலும் வெல்டிங்கின் நீலமும் வரும்போது கண்ணுக்கு மூச்சு கிடைக்கும். எல்லாப் படங்களையும் 60 × 90 மி.மீ. அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, இரண்டு விதிகளை மட்டும் வைத்து அடுக்குங்கள். இருண்ட பின்னணி தொடர்ந்து இரண்டுக்கு மேல் வரக்கூடாது. ஒரே நிற்கும் பாங்கு, உதாரணத்துக்குக் கைகட்டி நேர்பார்வை, அடுத்தடுத்து வரக்கூடாது. திரையில் சிறுபடங்களை நகர்த்திச் செய்வதைவிட இது விரைவு. இருபது படங்களை ஒரே பார்வையில் பார்க்க முடிவதுதான் காரணம்.

பார்வைத் திசை: படங்களை மூன்று குவியலாக்குங்கள். இடப்புறம் பார்ப்பவர்கள், வலப்புறம் பார்ப்பவர்கள், நேராகப் பார்ப்பவர்கள். இடப்புறம் பார்ப்பவர் வலப்பக்கத்துக்கு, வலப்புறம் பார்ப்பவர் இடப்பக்கத்துக்கு. நேர்பார்வைக்காரர்கள் எங்கும் பொருந்துவார்கள் என்பதால் அவர்களைக் கடைசிவரை கையிருப்பாக வைத்திருங்கள். உருவப்படம் எப்போதும் வலப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 46இல் பதினைந்து, பதினெட்டுப் பேர் இடப்பக்கத்துக்குப் போனால் நூலுக்கு நல்ல அசைவு கிடைக்கும்.

இடவலமாகத் திருப்பவே கூடாது. வலக்கைச் சுத்தியல் இடக்கைக்குப் போகும். சட்டைப் பொத்தான் பட்டி மாறும். இயந்திரத்தின் மேல் உள்ள எழுத்து கண்ணாடி எழுத்தாகும். கடைசல் இயந்திரத்தில் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) இருக்கும் முனை இடம் மாறும். படத்தில் இருப்பவரும் அதே தொழில் செய்கிறவர்களும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கைத்திறனைப் பற்றிய நூலில் கையையே மாற்றிக் காட்டுவதற்கு எந்த வடிவமைப்புக் காரணமும் ஈடாகாது.

வடிவ விகிதத்தில் ஒரு முரண் இருக்கிறது. உங்கள் படம் 2:3, பக்கம் 4:5. பக்க அகலம் 240 நிறையும்படி வைத்தால் படத்தின் உயரம் 360 வரும், அதில் 60 மி.மீ. வெட்டுப்படும். இடுப்பளவுப் படங்களில் அது பெரும்பாலும் தாங்கும். முழு உருவப் படங்களில் காலோ கருவியோ போய்விடும். ஆகவே இரண்டே அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பக்கம் நிறைய ப்ளீட்டோடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே படம் நீளும் ஓரம்). மற்றது, வெட்டாமல் 176 × 264 மி.மீ., மேலே 16, கீழே 20, நடு மடிப்புப் பக்கம் 28, வெளி ஓரம் 36. பிக்சல் கவலை வேண்டாம். ப்ளீட்டோடு 246 மி.மீ. அகலத்தில் 4000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 413 வருகிறது. 300 போதும் என்பதால் அகலத்தில் கால்பங்குவரை உள்ளே வெட்ட இடமுண்டு.

ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் 1950–51இல் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் தொழிலாளர்களை அவரவர் வேலை உடையிலும் கருவியோடும் வெற்றுத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். திரை ஒன்றாக இருந்ததால் அத்தனை பேரும் ஒரே தொகுப்பாகத் தெரிகிறார்கள். உங்கள் படங்கள் பட்டறைக்குள் எடுத்தவை, பின்னணி ஒவ்வொன்றிலும் வேறு. அந்த ஒற்றுமையைக் கண்ணின் உயரமும் தலையின் அளவும்தான் தர வேண்டும். பக்கம் நிறைந்த இடுப்பளவுப் படங்கள் எல்லாவற்றிலும் கண்கள் மேல்விளிம்பிலிருந்து 100–105 மி.மீ. தூரத்தில் நிற்கும்படி ஒரு வழிகாட்டிக் கோடு போடுங்கள். உச்சந்தலை முதல் தாடைவரை உள்ள அளவு ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் மாறாதிருக்கட்டும். பக்கம் புரட்டும்போது முகம் மேலும் கீழும் குதித்தால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நூல் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

முகம் நடு மடிப்பைத் தாண்டும்படி எதையும் வைக்காதீர்கள். கருவிகள், பட்டறைக் காட்சி போன்ற படத்தை ஸ்பிரெட் முழுக்கப் பரப்ப விரும்பினால், ஃபாரத்தின் நட்டநடுவில் வரும் 8–9, 24–25, 40–41, 56–57, 72–73, 88–89, 104–105 என்ற இணைகளில் மட்டும் வையுங்கள். அங்கேதான் இரு பக்கமும் ஒரே தாளில் தொடர்ந்து வருகின்றன. மற்ற இடங்களில் இரண்டு பாதியும் தாளின் வெவ்வேறு மூலையிலோ வெவ்வேறு ஃபாரத்திலோ அச்சாகி, மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் படும். 16–17, 32–33 போன்ற ஃபாரம் மாறும் இடங்கள் எல்லாவற்றிலும் மோசம்.

மைச்சாவி:

மூன்றாம் கேள்விக்கும் நான்காம் கேள்விக்கும் சேர்த்தே பதில், ஏனென்றால் தாளை முடிவு செய்யாமல் முகத்தைத் திருத்த முடியாது.

பூசிய தாளில் கறுப்பு மையின் எல் மதிப்பு, அதாவது வெளிச்ச அளவு, 16ஐ ஒட்டி நிற்கும் (0 முழுக் கறுப்பு, 100 வெள்ளை). பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் அது 30ஐ ஒட்டியே நின்றுவிடும். அச்சுப் புள்ளி தாளில் பருப்பதும் அதிகம். ஐ.எஸ்.ஓ. 12647-2:2013 என்ற அச்சுத் தரத்தில் 50% புள்ளி பூசிய தாளில் 16 விழுக்காட்டு அளவும் பூச்சில்லாததில் 22 விழுக்காட்டு அளவும் கூடுவதாகக் கணக்கு. கரி படிந்த முகத்துக்கும் கரும் பின்னணிக்கும் இடையே உள்ள சிறிய வேறுபாடு முழுவதும் எல் 15க்கும் 35க்கும் நடுவில்தான் இருக்கிறது. பூச்சில்லாத தாள் அந்த இடத்தையே விழுங்கிவிடும். உலைப் படங்கள் ஒன்பது இருக்கும் நூலுக்கு 150 அல்லது 170 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்குக் கிராம்) மேட் ஆர்ட்தான் என் தேர்வு. மேப்லித்தோவின் தொடுகை அழகுதான், வெளிச்சமான பின்னணி கொண்ட நூலாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

உங்கள் மாதிரி அச்சில் முகம் அடைத்ததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். திரையின் வெளிச்சம் மிகுதி. தாளுக்குப் பொருந்தாத புரொஃபைல் (நிறத்தை அச்சுக்கு மாற்றும் விவரக் கோப்பு). நிழல் பகுதியில் சியான் (வெளிர்நீலம்), மெஜந்தா (ஊதாச் சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையும் சேர்ந்து 330, 340 விழுக்காட்டைத் தொடுவது.

திரையை 80 முதல் 120 கேன்டெலா வரம்புக்குள், 5000 கெல்வினில் அமைத்துக்கொள்ளுங்கள். மேட் ஆர்ட்டுக்கு அச்சகம் ஃபோக்ரா 51 என்ற அச்சுத் தர நிலைக்கு அச்சிடுகிறதா, பழைய ஃபோக்ரா 39க்கா என்று கேட்டு, அந்தப் புரொஃபைலிலேயே திரைப் புரூஃப் (அச்சில் வரப்போவதைத் திரையில் காட்டும் மாதிரி) பாருங்கள். தாளின் வெண்மையையும் சேர்த்துக் காட்டும் தேர்வை இயக்கிப் பார்க்க வேண்டும். படம் உடனே மங்கலாகத் தெரியும், அச்சில் வரப்போவது அதுதான்.

திருத்தம் ரா நிலையிலேயே நடக்கட்டும். முழுப்படத்தின் நிழலையும் தூக்கினால் பட்டறையின் இருட்டு சாம்பலாகிப் புகை படிந்ததுபோல் ஆகும். முகத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் (திருத்தத்தை அந்த இடத்தோடு நிறுத்தும் மறைப்பு) போட்டு வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் முக்கால் ஸ்டாப்வரை ஏற்றுங்கள். தோலின் அமைப்பு தெரிய வேண்டிய மிக இருண்ட இடம், அதாவது தாடைக்குக் கீழும் கண் குழியும், எல் 22–25க்குக் கீழே போகக்கூடாது. பின்னணி 12க்கு இறங்கினாலும் பரவாயில்லை. முகத்தின் விளிம்பு பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால் போதும், முகம் வெளுத்துவிட வேண்டியதில்லை. கரிய தோலை வெளிறச் செய்வது அச்சுக்காகச் செய்த திருத்தமாக இருந்தாலும் அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

நிறம் பிரிக்கும்போது மொத்த மை வரம்பு 300 விழுக்காடு, ஜி.சி.ஆர். என்ற கறுப்பு மாற்றீடு நடுத்தர அளவில். வண்ண மைகளின் சாம்பல் பங்கைக் கறுப்பு எடுத்துக்கொள்வதால், ஓட்டத்தின் நடுவில் மெஜந்தா சற்று ஏறினாலும் முகம் சிவந்துபோகாது.

எண்ணில் சரிபார்க்க வெளிச்சம் விழும் கன்னத்தை அளவெடுங்கள். நடுத்தரப் பழுப்புத் தோலுக்குச் சியான் 30, மெஜந்தா 52, மஞ்சள் 62, கறுப்பு 5 என்ற சுற்றளவில் இருக்கும். அடர்பழுப்புக்குச் சியான் 42, மெஜந்தா 62, மஞ்சள் 72, கறுப்பு 25. இவை சூத்திரம் அல்ல, ஆளுக்கு ஆள் மாறும். மாறாத விதி ஒன்று உண்டு: மஞ்சள் எப்போதும் மெஜந்தாவைவிட சில புள்ளிகள் மேலே இருக்க வேண்டும். மெஜந்தா முந்தினால் வெயிலில் கன்றியதுபோல் வரும். சியான் மெஜந்தாவை நெருங்கினால் உயிரற்ற சாம்பல். வியர்வை மின்னும் நெற்றியில் ஊசிமுனை அளவுள்ள ஒளிப்புள்ளிகள் மட்டும் வெறும் தாளாக இருக்கலாம். அதைச் சுற்றி 3–5% புள்ளியாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் நெற்றியில் ஓட்டை விழுந்ததுபோல் தெரியும்.

46 படங்களையும் ஒரே சீராக்கும்போது எல்லாத் தோலையும் ஒரே நிறத்துக்கு இழுக்காதீர்கள். சீராக்க வேண்டியது நடுநிலைச் சாம்பல்: சுண்ணாம்புச் சுவர், எஃகுத் தகடு, வெள்ளை வேட்டி, சிமென்ட் தரை. அவை நடுநிலைக்கு வந்துவிட்டால் தோல் அவரவர் நிறத்தில் தானாக நிற்கும். குழல்விளக்கின் பச்சையும் ஜன்னல் ஒளியும் கலந்த படங்களுக்கு முகத்தில் விழும் ஒளியைச் சரிசெய்துவிட்டுப் பின்னணியின் பச்சையைச் சற்று விட்டுவிடலாம்.

வேலைச் சீருடையின் நீலம் அச்சில் ஊதாவாகத் திரும்பும் நிறம். அந்த இடத்தில் மெஜந்தாவைச் சியானுக்கு 30 புள்ளியாவது குறைவாக வையுங்கள். உலை நெருப்பின் செம்மஞ்சளை நான்கு மையால் முழுதாக எட்ட முடியாது. நிறச்செறிவை நீங்களே முன்கூட்டிக் குறைத்து, நெருப்பின் நடுவை வெளிர் மஞ்சளாகவும் ஓரத்தை ஆரஞ்சாகவும் படிப்படியாகப் பிரித்துவிட்டால் தகதகப்பு தெரியும். மாற்றத்தை மென்பொருளிடமே விட்டால் நெருப்பு ஒரே தட்டையான ஆரஞ்சுத் திட்டாகிவிடும்.

இன்னொன்றைப் பக்கத் திட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். அச்சு இயந்திரத்தில் மை, தாள் ஓடும் திசையில் பட்டை பட்டையாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. ஒரே பட்டையில் மேலே இருண்ட உலைப் பக்கமும் கீழே வெளிர் பின்னணி கொண்ட நெசவாளர் பக்கமும் வந்தால், ஒன்றுக்கு மை கூட்டும்போது மற்றது கெடும். வழக்கமான 16 பக்க அடுக்கில் ஒரு புறத்தில் 5க்குக் கீழே 4, 12க்குக் கீழே 13, 9க்குக் கீழே 16, 8க்குக் கீழே 1. மறுபுறம் 7க்குக் கீழே 2, 10க்குக் கீழே 15, 11க்குக் கீழே 14, 6க்குக் கீழே 3. உங்கள் அச்சகத்தின் இம்போசிஷன் வரைபடத்தை (தாளில் பக்கங்கள் அமரும் இடத்தைக் காட்டுவது) வாங்கி, முரண்படும் இணைகளைப் படவரிசை பூட்டும் முன்பே இடம் மாற்றுங்கள். ஒரே பகுதிக்குள் இரண்டு படங்களை மாற்றிக்கொள்வதே பெரும்பாலும் போதும்.

நிழற்பெட்டி:

இருவருக்கும் நன்றி. இடவலம் திருப்பும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு துணைக் கேள்விகள். சில படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இருட்டுச் சிக்கல் குறையுமா? பெயரும் குறிப்பும் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டுமா, அல்லது படங்களைத் தனியே விட்டுவிட்டு எல்லாவற்றையும் நூலின் கடைசியில் தொகுக்கலாமா? பின்னதில் பக்கங்கள் தூய்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மைச்சாவி:

குறையாது. நான்கு மையில் அச்சிடும் கறுப்பு வெள்ளை, தாளுக்குத் தாள் பச்சை, சிவப்பு என்று சாயல் மாறும். கறுப்பு மை மட்டும் போட்டால் நிழல் இன்னும் ஆழமற்றுப்போகும். சரியாகச் செய்ய கறுப்போடு ஒரு சாம்பல் மையைத் தனி பிளேட்டாகச் சேர்த்து டியோடோனாக அச்சிட வேண்டும். அது நூல் முழுவதும் கறுப்பு வெள்ளையாக இருந்தால்தான் பொருத்தம். துருவும் செம்மண்ணும் சாயம் தோய்ந்த விரலும் நிறமாகவே தொழிலைச் சொல்கின்றன. அதை எடுத்துவிடாதீர்கள்.

எழுத்தாணி:

பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒளிப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் ஜெர்மனியில் எடுத்த உருவப்படங்கள் பலவற்றில் தலைப்பு தொழிற்பெயர் மட்டுமே. சமூகத்தின் வகைமாதிரிகளைத் தொகுப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை, அதற்கு அது பொருந்தியது. உங்கள் நூல் தேர்ந்த கைகளைப் பற்றியது. பெயரில்லாத பக்கத்தில் இருப்பவர் ‘ஒரு கொல்லர்’ ஆகிவிடுகிறார். பின்னிணைப்பைப் புரட்டித் தேடிப் பெயரை அறிகிற வாசகர் மிகக் குறைவு.

எதிர்ப்பக்கத்தில் நான்கே அடுக்கு: பெயர், தொழில், தொழிலில் இருக்கும் ஆண்டுகள், குறிப்பு. கை அல்லது கருவிப் படம் இருந்தால் அதை 84 × 126 மி.மீ. அளவில் குறிப்புக்கு மேலே வைக்கலாம், அதைவிடப் பெரிதானால் முகத்தோடு போட்டியிடும். குறிப்புகளின் முதல் வரி எல்லா ஸ்பிரெட்டிலும் ஒரே உயரத்தில் தொடங்கட்டும், கீழே நீளம் மாறுவது பரவாயில்லை. மேலே சொன்ன 16, 20 மி.மீ. ஓரத்துக்குள் பக்க எண்ணைத் திணிக்காமல், குறிப்புப் பக்கத்தில் மட்டும் எண் போடுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பேராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் அடோபி வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ஒவ்வொரு ஸ்டைலிலும் தனித்தனியே சரிபாருங்கள். யூனிகோட் எழுத்துரு மட்டுமே பயன்படுத்துங்கள். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டும் திறந்த உரிமத்தில் பல தடிமன்களில் கிடைக்கின்றன. குறிப்புக்கு 10 புள்ளி எழுத்து, 16 புள்ளி வரியிடை. மேல் விலங்கும் கீழ்ச்சுழியும் ஒன்றையொன்று முட்டாமலிருக்க இந்த இடைவெளி வேண்டும், 12, 13 போதாது. இருபுறமும் நேர்செய்யாமல் இடப்புறம் மட்டும் நேராக விடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, 90 மி.மீ. பத்தியில் இருபுறமும் இழுத்துப் பிடித்தால் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறுபோல் ஓடும்.

எழுத்து 100% கறுப்பில் மட்டும், நான்கு மைக் கறுப்பில் வேண்டவே வேண்டாம். இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்தாகப் பெயரைப் போடும் ஆசை வந்தால் 14 புள்ளிக்குக் குறையாமல், தடித்த எழுத்தில். மெல்லிய சுழிகள் நான்கு மையின் நடுவே அடைத்துப்போகும்.

குறிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றியும். ‘கடின உழைப்பாளி’, ‘உழைப்பின் சின்னம்’ போன்ற தொடர்களை எல்லாக் குறிப்புகளிலிருந்தும் நீக்கிப் பாருங்கள், எதுவும் குறையாது. அந்த இடத்தில் அவர் கையிலிருக்கும் கருவியின் பெயர், அதனால் செய்வது என்ன, எதைப் பார்த்துப் பதம் அறிகிறார் என்று எழுதுங்கள். கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்து அடிக்கும் நேரம் அறிகிறார், குயவர் மண்ணின் ஈரத்தை விரலால் அறிகிறார், கடைசல்காரர் சீவல் சுருள்வதையும் அதன் ஒலியையும் வைத்து வெட்டை அறிகிறார். கருவிக்குத் தொழிலாளர் சொல்லும் பெயரையே போடுங்கள். அகராதிப் பெயர் தேவையென்றால் பின்னிணைப்பில் ஒரு வரி. பக்கங்கள் அமைந்தபின் ஒவ்வொருவருக்கும் அவருடைய ஸ்பிரெட்டை அச்சிட்டுக் கொடுத்து, பெயரின் எழுத்து, முதலெழுத்து, கருவி பிடித்திருக்கும் விதம் மூன்றையும் கேளுங்கள். படத்துக்காகக் கருவியை வேலையில் பிடிக்காத விதமாகப் பிடித்திருந்தாலோ, வெல்டர் முகக்கவசத்தைத் தூக்கியபடி பொறி பறக்க நின்றிருந்தாலோ, தவறு அவருடையதாகத்தான் பிறர் எண்ணுவார்கள். அந்தப் படத்தை மாற்றுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் நூல், கண்காட்சி, இணையம், மேலட்டை, விளம்பரம் எல்லாம் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். நூலுக்குச் சரி என்றவர் விளம்பரப் பதாகைக்குச் சரி என்று சொன்னதாக ஆகாது. பெயர் போடச் சம்மதமா என்பதும் தனிக் கேள்வி. படிவம் அவர் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். அச்சான நூலில் ஒரு பிரதி அவருக்கு என்பதை அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

தையல்நூல்:

கட்டுமானம் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே இது.

மேட் ஆர்ட் தாளில் பெர்ஃபெக்ட் பைண்டிங் (தைக்காமல் முதுகைப் பசையால் ஒட்டும் கட்டு) வேண்டாம். பூச்சின் மேல் பசை நன்றாகப் பிடிக்காது, பக்கம் நிறைந்த படங்களைப் பார்க்க வாசகர் நூலை அழுத்தி விரிப்பார், தாள் கழன்று வரும். ஃபாரம் ஃபாரமாகத் தைத்த கட்டுமானம்தான். அதில் நடு மடிப்பில் விழுங்கப்படுவதும் குறைவு, ஆனாலும் மடிப்பிலிருந்து 12 மி.மீ.க்குள் காதோ தோளோ கருவி முனையோ வராமல் பாருங்கள். தாளின் இழை ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் பக்கங்கள் விறைத்து நிற்கும், ஈரக் காலத்தில் மடிப்போரம் அலையலையாக நெளியும். அச்சகத்திடம் தாள் வாங்கும் முன்பே சொல்ல வேண்டிய விஷயம் இது.

மடிப்புத்தாளின் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்தால் மேப்லித்தோ ஆசையும் நிறைவேறும். முன்னுரைக் கட்டுரையைப் பின்னுரையாக்கிவிடுங்கள். உருவப்படங்கள் 8இல் தொடங்கி 111இல் முடியும். 112 வெற்றுப் பக்கம். 113 முதல் 128 வரை எட்டாவது ஃபாரம் முழுவதும் எழுத்தும் கருவிகளின் சிறுபடங்களும் மட்டும், அதை 140 ஜி.எஸ்.எம். பூச்சில்லாத தாளில் அச்சிடலாம். கட்டுரை ஒரு பக்கம் குறைந்து ஐந்து பக்கமாகும், அவ்வளவே இழப்பு. அந்தச் சிறுபடங்களுக்காக அந்த ஃபாரத்துக்கு ஃபோக்ரா 52 புரொஃபைல் என்பதை மறக்க வேண்டாம்.

முதுகின் தடிமன்: ஒரு தாளின் தடிமன் என்பது ஜி.எஸ்.எம். எடையை அதன் பருமன் எண்ணால் (தாள் எவ்வளவு உப்பியது என்பதன் அளவு) பெருக்கி 1000ஆல் வகுப்பது. 150 ஜி.எஸ்.எம். மேட் ஆர்ட், பருமன் 0.9 என்றால் 0.135 மி.மீ., ஏழு ஃபாரத்தில் 56 தாள், ஆக 7.6. பூச்சில்லாத எட்டுத் தாள் 0.175 வீதம் 1.4. சேர்த்து 9 மி.மீ., தையல் நூலின் உப்பல் தனி. இரு புறமும் 2.5 மி.மீ. அட்டை சேர்ந்தால் முதுகு 14ஐ ஒட்டி வரும். இது மதிப்பீடுதான். மேலட்டை வடிவமைக்கும் முன் அதே தாளில், அதே எண்ணிக்கையில் தைத்த வெற்று மாதிரி நூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இவ்வளவு மெல்லிய கட்டுக்கு உருண்டை முதுகு எடுபடாது, தட்டை முதுகே போதும்.

மேட் ஆர்ட்டில் இருண்ட பக்கம் எதிரிலுள்ள வெள்ளைப் பக்கத்தில் உரசிக் கறை ஏற்றும். உங்கள் நூலில் ஒவ்வொரு ஸ்பிரெட்டும் அப்படித்தான்: ஒரு புறம் கருமை, மறுபுறம் வெள்ளைக் குறிப்புப் பக்கம். நீர் அடிப்படையிலான மேட் கோட்டிங் இரு புறமும் அவசியம். மடிக்கும் முன் அச்சுத் தாள்கள் ஒரு நாள் முழுக்க உலர வேண்டும் என்றும் வேலைச் சீட்டில் எழுதுங்கள்.

மடிப்புத்தாள்:

தையல்நூலின் மாற்றம் என் திட்டத்தைவிடச் சிறந்தது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் கட்டுரைக்கு முன்பே முகங்களைச் சந்திப்பார் என்பதும் நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உருவப்படங்கள் 14க்குப் பதில் 8இல் தொடங்குவதால் எல்லாம் ஆறு பக்கம் முன்னே நகர்கிறது, மைச்சாவி சொன்ன பட்டை முரண்களை மறுபடி சரிபார்க்க வேண்டும். 8–9 முதல் ஃபாரத்தின் நடு ஸ்பிரெட்டாகவும் அமைகிறது. முதல் பகுதிப் பிரிப்பை அங்கே பட்டறைக் காட்சியாகப் பரப்பலாம்.

புரூஃப் வரிசை: முதலில் சாதாரண லேசர் அச்சில் முழு அளவில் 128 பக்கத்தையும் மடித்து நூலாக்கிப் புரட்டிப் பாருங்கள், வரிசையும் கண் உயரமும் அதில் தெரிந்துவிடும். பிறகு ஆறு படங்களுக்கு மட்டும் அளவுப் பட்டையோடு கூடிய நிறப் புரூஃப்: மிக இருண்ட முகம், மிக வெளிறிய பின்னணி, நீலச் சீருடை, உலை நெருப்பு, குழல்விளக்குக் கலப்பு, நடுத்தரத் தோல். அந்த ஆறும் 5000 கெல்வின் ஒளியில் சரியாக இருந்தால்தான் மற்ற நாற்பதையும் அதே அமைப்பில் பிரிக்க வேண்டும். கூர்மையாக்கல் கடைசி அளவில், கடைசிப் படியாக. கண், கருவி, துணியின் இழை இவற்றுக்கு மட்டும் போதும், கன்னத்துக்கு வேண்டாம். கோப்பு பி.டி.எஃப்/எக்ஸ்-4 என்ற அச்சுக்கான பி.டி.எஃப். வடிவில், ப்ளீட் 3 மி.மீ., ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் தாளை இயந்திரத்தின் அருகில் நின்று அந்தப் புரூஃபோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடும் நேரத்தையும் அச்சகத்தோடு முன்பே பேசிவையுங்கள்.